கணினி வந்தால் கணக்கு வந்துவிடுமா?

(நமது மாலை நேரக் கல்வி மையத்தில் நடைபெற்ற பெற்றோர் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





அல்ஹம்துலில்லாஹ், நமது மையத்துக்கு ஆறு கணினிகள் வந்திருக்கின்றன. வழங்கிய நல்லுள்ளங்களுக்கு அல்லாஹ் நற்கூலி தருவானாக. அவை வந்து இறங்கிய அன்று ஒரு தாய் எங்களிடம் கேட்டார்: "கம்ப்யூட்டர் வந்துடுச்சு, இனி என் மகனுக்குக் கணக்கு வந்துடுமா?" அன்று நாங்கள் சிரித்து மழுப்பிவிட்டோம். இன்று பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

இதே கேள்வியை நாற்பது ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்துப் பெற்றோரும் கேட்டார்கள். 1981 இறுதியில் பிபிசி மைக்ரோ என்ற சிறு கணினி அங்கே வெளிவந்தது. கேம்பிரிட்ஜ் நகரின் ஏகார்ன் நிறுவனம் அதைத் தயாரித்தது. பள்ளிகள் வாங்குவதற்கு அரசு பாதி விலையைக் கொடுத்தது. அதன் நினைவகம் வெறும் 32 கிலோபைட். இன்று செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோவுக்கே அது போதாது. பல தொடக்கப் பள்ளிகளில் ஒரே ஒரு கணினிதான். அதைத் தள்ளுவண்டியில் வைத்து வகுப்பு வகுப்பாகத் தள்ளிக்கொண்டு போவார்கள்.

அதைக் கொண்டு கணக்கு எப்படிக் கற்பித்தார்கள்? ஒரு உதாரணம் சொல்கிறோம். லோகோ என்று ஒரு கணினி மொழி உண்டு. 1967-இல் அமெரிக்காவில் சைமர் பேப்பர்ட் என்ற கணித அறிஞரும் அவருடைய நண்பர்களும் பிள்ளைகளுக்காகவே உருவாக்கியது. திரையில் ஒரு ஆமை இருக்கும். "100 அடி முன்னே போ, 90 டிகிரி வலப்பக்கம் திரும்பு" என்று நான்கு முறை சொன்னால் சதுரம் வரைந்துவிடும். அடுத்து, "முக்கோணம் வரை" என்பார் ஆசிரியர். சமபக்க முக்கோணத்தின் கோணம் 60 டிகிரி என்று புத்தகத்தில் படித்த பிள்ளை, "60 டிகிரி திரும்பு" என்று மூன்று முறை சொல்லும். முக்கோணம் மூடாது. அறுகோணத்தில் பாதிதான் திரையில் நிற்கும்.

பிள்ளை குழம்பும். எழுந்து நின்று, தானே ஆமையாகி நடந்து பார்க்கும். ஒரு முழுச் சுற்று 360 டிகிரி, மூன்று திருப்பம், ஆகவே ஒவ்வொன்றும் 120 என்று தானே கண்டுபிடிக்கும். வெளிக்கோணம் என்றால் என்னவென்று அந்தப் பிள்ளைக்கு இனி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கே கணினி பிள்ளைக்குக் கற்பிக்கவில்லை. பிள்ளைதான் கணினிக்குக் கற்பித்தது. தவறு செய்ததற்காக யாரும் அதட்டவும் இல்லை.

அறிவியலுக்கும் அப்படியே. பிபிசி மைக்ரோவின் பின்புறத்தில், வெளியே அளக்கும் கருவிகளை இணைக்க ஒரு வழி வைத்திருந்தார்கள். வெப்பத்தை உணரும் சிறு கருவியை அதில் இணைத்து, ஒரு குவளை வெந்நீரில் போடுவார்கள். நீர் ஆற ஆற, திரையில் கோடு இறங்கும். முதலில் வேகமாக, பிறகு மெதுவாக. நிமிடத்துக்கு நிமிடம் எண்களைக் குறித்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு, இப்போது "ஏன் போகப் போக மெதுவாக ஆறுகிறது?" என்று கேட்க நேரம் கிடைத்தது.

எல்லா இடத்திலும் இப்படி நடக்கவில்லை. பல வகுப்புகளில், "ஏழெட்டு எவ்வளவு?" என்று கணினி கேட்கும், பிள்ளை 56 என்று தட்டும், ஒரு மணியொலி வரும். அவ்வளவுதான். அது வாய்ப்பாட்டுப் புத்தகத்துக்கு மின்சாரம் கொடுத்தது போல. நம் நாட்டிலும் 1984-85-இல் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற திட்டத்தில் அதே பிபிசி கணினிகளைச் சில நூறு பள்ளிகளுக்கு அனுப்பியது. கணினியை அறிமுகப்படுத்துவதே அதன் முதல் நோக்கம். கணக்கு ஆசிரியரும் அறிவியல் ஆசிரியரும் அதைத் தம் பாடத்துக்குள் கொண்டுவந்தால்தானே பிள்ளைக்குக் கணக்கு வரும்?

அடுத்தவர் குறையை மட்டும் சொல்லி நிறுத்தக் கூடாது. சில ஆண்டுகளுக்கு முன் நாமும் மூன்று கணினிகள் வாங்கினோம். தூசி படியாமல் துணி போட்டு மூடினோம். அறையைப் பூட்டி, சாவியை அலுவலகத்தில் மாட்டினோம். கடைசியில் அவை நன்கொடை ரசீது அடிக்கத்தான் பயன்பட்டன. பிள்ளைகளுக்கென்று கொடுக்கப்பட்ட பொருள் அமானிதம். அதைப் பிள்ளைகளின் கைக்குத் தராதது எங்கள் தவறு. இந்தச் சபையில் அதை ஒப்புக்கொள்கிறோம்.

அல்காரிதம் என்ற சொல் அல்-குவாரிஸ்மியின் பெயரிலிருந்து வந்தது என்று மேடைக்கு மேடை பெருமை பேசுகிறோம். கணக்கைப் படிப்படியாகப் பிரித்து, யார் செய்தாலும் விடை வரும்படி எழுதிக் காட்டியவர் அவர். அந்தப் பழக்கம் நம் பிள்ளைகளிடம் வந்தால்தான் அந்தப் பெருமை நமக்குப் பொருந்தும்.

ஆகவே இம்முறை நிர்வாகக் குழு சில முடிவுகள் எடுத்திருக்கிறது. ஒரு கணினிக்கு இரண்டு பிள்ளைகள். அப்போதுதான் பேசிப் பேசிச் செய்வார்கள். முதலில் தாளில் யோசிப்பது, பிறகே கணினி. அந்த ஆமையை இன்று பைத்தான் மொழியில் இலவசமாகவே பயன்படுத்தலாம். கணக்கு ஆசிரியர் உடனிருந்தால்தான் அறை திறக்கும். ஆசிரியர் இல்லாத கணினி மறுபடியும் மணியொலிக் கணினிதான். மாணவிகளுக்கு வாரத்தில் மூன்று நாட்கள் தனி வகுப்பு; பாடம் ஒன்றே. ஆசிரியரின் சம்பளத்துக்கு மாதந்தோறும் பணம் வேண்டும். கணினி வாங்கித் தர முன்வருவோர் பலர். சம்பளத்துக்குத் தருவோர் சிலரே. அதையும் யோசியுங்கள்.

அந்தத் தாய்க்கு எங்கள் பதில் இதுதான்: கணினி வந்ததால் கணக்கு வராது. உங்கள் மகன் தவறு செய்யவும், அதைத் தானே தேடித் திருத்தவும் இடம் கொடுத்தால், இன்ஷா அல்லாஹ், வரும். இன்று அவன் வீடு திரும்பியதும் "எத்தனை மார்க்?" என்று கேட்காதீர்கள். "இன்று எங்கே தவறு வந்தது? எப்படிச் சரி செய்தாய்?" என்று கேளுங்கள். அவன் உட்கார்ந்து சொல்வான்.

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை அல்லாஹ் தந்தருள்வானாக, ஆமீன்.

வஸ்ஸலாம்.