நாய் வழிகாட்டலாம், தீர்ப்புக் கூறலாகாது
(சட்ட விளக்கக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



பட்டியில் நின்ற மாடு களவு போகிறது. பொலிஸார் மோப்ப நாயுடன் வருகின்றனர். வயல் கடந்து ஓடிய நாய் ஓர் ஏழையின் படலையில் நிற்கிறது. அக்கணமே ஊரார் அவனைக் கள்வனென முடிவுகட்டி விடுகின்றனர். இது நீதியாகுமா?

நாயின் ஆற்றலை நாம் இகழவில்லை. மனிதக் கண்ணுக்குப் புலப்படாத போதைப்பொருளையும் வெடிமருந்தையும் அது கண்டுபிடிக்கின்றது. ஆயினும், தேடும் வழியைக் காட்டுவது வேறு. குற்றத்தை நிரூபிப்பது வேறு.

மோப்ப நாய் எதிரியைச் சுட்டிக்காட்டிய வழக்கொன்றிலே, 1969ஆம் ஆண்டு, இந்திய உச்ச நீதிமன்றம் மூன்று ஆட்சேபங்களை எடுத்துரைத்தது. நாய் சாட்சிக் கூண்டில் ஏறாது. அதற்காக அதன் காவலர் பேசுவது செவிவழிச் சாட்சியமே. மனிதனின் உயிரும் சுதந்திரமும் நாயின் ஊகத்தில் தங்கியிருத்தலாகாது. ஏற்றுக்கொண்டாலும் அச்சான்று தன் பெறுமதிக்கு மிஞ்சிய தாக்கத்தை யூரிமார் மீது ஏற்படுத்தக்கூடும். ஈற்றில் அம்மன்று, நாய்ச் சான்றை ஒதுக்கிவிட்டு, ஏனைய சான்றுகளைக் கொண்டே தீர்ப்பளித்தது.

நாய் பொய் சொல்லுமா என்று கேட்பீர்கள். சொல்லாது, ஆனால் தன்னை நடத்துபவரின் குறிப்பறிந்து நடக்கும். 2011இல் கலிபோர்னியாவில் நடந்த ஆய்வொன்று வெளியாயிற்று. 18 நாய்கள், தத்தம் காவலருடன், போதைப்பொருளோ வெடிமருந்தோ சிறிதுமில்லாத அறைகளைச் சோதித்தன. அங்கு ஏதோ இருக்கலாமென்று காவலர் நம்பவைக்கப்பட்டிருந்தனர். விளைவு யாது? 144 சோதனைகளுள் 123இல் 'உண்டு' என்றே அறிவிக்கப்பட்டது! காவலரின் ஐயமே நாயின் மூலம் சான்றாகித் திரும்பிவந்தது.

1895ஆம் ஆண்டின் நமது சான்றுக் கட்டளைச் சட்டம், பொலிஸ் உத்தியோகத்தரிடம் அளித்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு மாறாக ஏற்பதில்லை. அது குடிமகனைக் காக்கும் வேலி. 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் அவ்வேலியிற் பொட்டு வைத்தது. அதனால் நம்மவர் பட்ட துயர் சொல்லுந்தரமன்று. மனிதன் வாயால் வந்ததையே ஐயுறும் சட்டம், பொலிஸ் நாய் மோப்பத்தால் உரைத்ததை ஆராயாது ஏற்கலாமா?

எனவே நாம் கோருவன இவை: நாயின் பயிற்சிப் பதிவுகளும் தவறிய தடவைகளும் மன்றில் வைக்கப்படல் வேண்டும். அதன் காவலர் குறுக்கு விசாரணைக்கு உட்படல் வேண்டும். வேறு சுயாதீனச் சான்றின்றி எவரும் தண்டிக்கப்படலாகாது.

பெருமக்களே! நாளை உங்கள் அயலவன் படலையில் நாய் நின்றால், அவனைக் கள்வனென்று தூற்றாதீர். "வேறு சான்று எங்கே?" என்று கேளுங்கள். அக்கேள்வி அவனுக்கு மட்டுமன்று, நம் அனைவருக்கும் காவல்!