தளபதிகளுக்கும் பள்ளிக்கூடம் உண்டு

படைவீரனுக்குப் பயிற்சி வேண்டும் என்பதை எவரும் மறுக்கமாட்டார். ஆனால் பல்லாண்டு சேவை புரிந்து, மார்பில் பதக்கங்களும் பெற்றுவிட்ட ஒரு பிரிகேடியரை மீண்டும் மாணவராக்கி வகுப்பறையில் அமர்த்துவது எதற்காக என்ற ஐயம் பலருக்கு எழக்கூடும். அதிலும் விண்வெளி, ஏவுகணைத் தடுப்பு ஆகிய துறைகளில் அவர் கற்கவேண்டியது என்ன இருக்கிறது? கணக்குப் போடக் கணிப்பொறி இருக்கிறது. அதனைப் பேணப் பொறியியல் வல்லுநர் இருக்கிறார். தலைவருக்கு அங்கே என்ன வேலை? இக்கேள்விக்கு விடை காண்பதே இன்றைய நம் நோக்கம்.

நேயர்களே, உங்களுள் பலர் இத்தகைய கல்விக்கூடங்களுக்கு அருகிலேயே குடியிருக்கிறீர்கள். புது டில்லியிலுள்ள தேசியப் பாதுகாப்புக் கல்லூரியைப் பிரதமர் நேரு 1960 ஏப்ரலில் தொடங்கிவைத்தார். முப்படைகளின் உயர் அதிகாரிகளும், ஆட்சிப் பணியினரும், நட்பு நாடுகளின் அதிகாரிகளும் அங்கே ஏறத்தாழ ஓராண்டுக் காலம் ஒருங்கே பயில்கின்றனர். செகந்திராபாத்தில் 1970-இல் தோன்றிய பாதுகாப்பு மேலாண்மைக் கல்லூரி இருக்கிறது. நம் நீலகிரி மலையில் வெலிங்டன் முப்படை அதிகாரிகள் கல்லூரி இருக்கிறது. பெங்களூருவில் 2019-இல் பாதுகாப்பு விண்வெளி முகமை அமைந்தது. அதே ஆண்டு ஜூலையில், விண்வெளிப் போர் மூண்டால் செய்யவேண்டுவன யாவை என்பதை மேசைமேல் ஆடிப்பார்க்கும் பயிற்சி நம் நாட்டில் முதன்முறையாக நடைபெற்றது. 2024 நவம்பரில் 'அந்தரிக்ஷ அப்யாஸ்' என்ற பெயரில் மூன்று நாள் பயிற்சி ஒன்று நிகழ்ந்தது.

அமெரிக்க நாடு 2019-இல் விண்வெளிப் படை என்ற தனிப் படையையே நிறுவியது. அப்படையின் மூத்த அதிகாரிகளது மேற்கல்விக்கு அவர்கள் தேர்ந்த இடம் கருதத்தக்கது. வாஷிங்டன் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் சர்வதேச விவகாரப் பள்ளியே அது. 2023-இல் அங்கே வகுப்புகள் தொடங்கின. பொறியியல் கூடம் ஒன்றை நாடாமல், அரசியலும் வரலாறும் கற்பிக்கும் பள்ளியை அவர்கள் ஏன் நாடினார்கள்? இதற்கு விளக்கமாக, 1991-ஆம் ஆண்டு வளைகுடாப் போரில் நிகழ்ந்த ஒன்றைக் காண்போம்.

சவுதி அரேபியாவில் டஹ்ரான் என்னும் இடத்தில், ஈராக்கின் ஸ்கட் ஏவுகணைகளைத் தடுப்பதற்காக அமெரிக்கர்கள் பேட்ரியட் என்னும் எதிர் ஏவுகணைகளை நிறுத்தியிருந்தனர். பேட்ரியட்டின் கணிப்பொறி காலத்தைப் பத்தில் ஒரு வினாடியாக எண்ணிவந்தது. மூன்றில் ஒரு பங்கைத் தசமத்தில் எழுதப்புகுந்தால் 3 என்ற எண் முடிவின்றி நீள்வதை நாம் பள்ளியில் கண்டிருக்கிறோம். அவ்வாறே பத்தில் ஒரு பங்கு என்பது கணிப்பொறியின் இரண்டடிக் கணக்கில் முடிவின்றி நீளும். அதனை ஓர் எல்லையில் வெட்டித்தான் ஆகவேண்டும். வெட்டுவதால் நேரும் பிழை மிகமிகச் சிறிது. எனினும் கருவியை நிறுத்தாமல் ஓட்டினால் அப்பிழை சேர்ந்துகொண்டே போகும். நூறு மணி நேரத்தில் அது ஏறத்தாழ மூன்றில் ஒரு வினாடி ஆகிவிடும். அந்தச் சிறு பொழுதில் ஒரு ஸ்கட் ஏவுகணை அரைக் கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிடும்.

இக்குறையை எவரும் அறியாதிருக்கவில்லை. பிப்ரவரி 11-ஆம் நாள் இஸ்ரேலியர் தம் அளவைகளைக் காட்டி, எட்டு மணி நேரம் தொடர்ந்து ஓடினாலே குறி கணிசமாக விலகுகிறது என்று தெரிவித்தனர். அக்கணக்கை நீட்டிப் பார்த்தால், இருபது மணி நேரத்தில் இலக்கு கருவிக்கு அகப்படாமற் போகும் என்பது புலனாகும். பிப்ரவரி 16-இல் திருத்தம் ஆயத்தமாயிற்று. பிப்ரவரி 21-இல் களத்திலிருந்த படைகளுக்குச் செய்தி சென்றது. மிக நெடுநேரம் ஓட்டினால் குறி விலகும் என்பதே அச்செய்தி. 'மிக நெடுநேரம்' என்றால் எத்தனை மணி நேரம் என்று அதில் குறிப்பிடவில்லை.

பிப்ரவரி 25-ஆம் நாள் டஹ்ரானில் இருந்த கருவி நூறு மணி நேரத்திற்கு மேலாகத் தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்தது. வந்த ஸ்கட்டை அது வானில் தவறான இடத்தில் தேடியது. எதிர் ஏவுகணை கிளம்பவே இல்லை. படைவீடு ஒன்றில் தங்கியிருந்த 28 அமெரிக்கப் படையினர் மாண்டனர். திருத்திய நிரல் டஹ்ரானுக்கு வந்து சேர்ந்தது மறுநாள். அதுவரை காத்திருக்கவேண்டிய தேவையும் இல்லை. கருவியை ஒருமுறை நிறுத்தி மீண்டும் இயக்கினாலே அதன் கடிகாரம் புதிதாகத் தொடங்கியிருக்கும். அதற்கு ஆகும் நேரம் ஒன்று அல்லது ஒன்றரை நிமிடம்.

அரசாங்கத்தில் மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நம் போன்றோருக்கு இந்நிகழ்ச்சி வேறொரு வகையில் உறுத்துகிறது. 'விரைவில்', 'போதிய அளவு', 'நெடுநேரம்' போன்ற சொற்கள் கோப்புகளில் நாள்தோறும் வருகின்றன. எழுதுபவர் மனத்தில் ஓர் அளவு இருக்கும். படிப்பவர் மனத்தில் வேறோர் அளவு இருக்கும். நெடுநேரம் என்பது பொறியியலாருக்கு எட்டு மணி. இடையறாது காவல் காத்த படையினருக்கோ நான்கு நாளும் சாதாரணம். பொறியியலாருக்குப் பிழையின் கணக்குத் தெரியும். கருவி எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பது தெரியாது. படையினருக்கு அது தெரியும். பிழையின் கணக்குத் தெரியாது. இவ்விருவருக்கும் நடுவே நின்று, 'எத்தனை மணி நேரம்?' என்று கேட்க ஒருவர் வேண்டியிருந்தது. தலைவரின் வேலை அதுவே. தலைவருக்குத் தரும் கல்வியின் சாரமும் அதுவே.

கேட்கத் தெரிந்த ஒருவரால் விளைந்த நன்மைக்கும் சான்று உண்டு. 1983 செப்டம்பர் 26-ஆம் நாள் நள்ளிரவு கடந்த வேளையில், மாஸ்கோவுக்கு அருகிலுள்ள சோவியத் எச்சரிக்கை நிலையத்தில், அமெரிக்காவிலிருந்து ஐந்து ஏவுகணைகள் கிளம்பிவிட்டன எனக் கணிப்பொறி அறிவித்தது. பொறுப்பில் இருந்தவர் லெப்டினென்ட் கர்னல் ஸ்தானிஸ்லாவ் பெத்ரோவ். பெரும்போர் தொடங்க எண்ணுபவன் ஐந்தே ஐந்து ஏவுகணைகளையா அனுப்புவான் என்று அவர் சிந்தித்தார். தரையிலுள்ள ரேடார்கள் அச்செய்தியை உறுதிப்படுத்தவில்லை என்பதையும் கண்டார். பொய்யான எச்சரிக்கை என்றே மேலிடத்திற்குத் தெரிவித்தார். உயரத்து மேகங்களில் பட்டுத் தெறித்த கதிரவன் ஒளியைச் செயற்கைக்கோள் தவறாகக் கொண்டது என்பது பின்னர் விளங்கிற்று. கருவியின் இயல்பைக் கற்றிருந்தவர் என்பதனால்தான் அவரால் கருவியை ஐயுற முடிந்தது.

தலைவர் கேட்கவேண்டிய கேள்வி இன்னும் ஒன்று உண்டு: அடித்தபின் என்ன ஆகும் என்பதே அது. 2007-இல் சீனா தன் பழைய வானிலைச் செயற்கைக்கோள் ஒன்றை 850 கிலோமீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் தகர்த்தது. கருவிகளால் பின்தொடரத்தக்க துண்டுகளே மூவாயிரத்திற்கு மேல் சிதறின. அவற்றுட் பல இன்றும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. 2019 மார்ச் 27-இல் இந்தியா இத்தகைய சோதனை நடத்தியபோது, துண்டுகள் விரைவில் வீழ்ந்துவிடவேண்டும் எனக் கருதி, ஏறத்தாழ 300 கிலோமீட்டர் என்ற தாழ்ந்த உயரத்தைத் தேர்ந்துகொண்டது. பெரும்பாலானவை அவ்வாறே வீழ்ந்தன. ஆயினும் சில துண்டுகள் மேலே வீசப்பட்டு, ஓராண்டுக்கு மேலும் சுற்றின. மேலே சிதறும் துண்டுக்கு நட்பு நாடும் தெரியாது, பகை நாடும் தெரியாது. கடலின் நிறத்தையும் காற்றையும் அளக்கும் நம் ஓஷன்சாட் செயற்கைக்கோள்கள் எழுநூறு கிலோமீட்டருக்கு மேல் சுற்றுகின்றன. மீன் எங்கே கிடைக்கும் என்று நாகப்பட்டினத்து மீனவருக்குச் சொல்லும் அறிவிப்புகளுக்கு அவை துணை நிற்கின்றன. எங்கோ ஒரு தளபதி செய்யும் முடிவு, ஊரில் நம் உறவினர் வலைவீசும் கடல்வரை எட்டும் என்பதை இதனால் உணரலாம்.

இக்கல்வி வகுப்பறையில் நடைபெறுவது எவ்வாறு? ஒன்றோடொன்று முரண்படும் செய்திகளை அதிகாரிகளின் கையில் கொடுத்து, குறுகிய நேரத்தில் முடிவு செய்யச் சொல்வார்கள். பின்னர், அம்முடிவுக்கு அவர் எதனை நம்பினார், எதனைக் கேட்காமல் விட்டார் என்று ஆராய்வார்கள். கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணை அரை மணி நேரத்தில் வந்து சேர்ந்துவிடும்; அண்டை நாட்டிலிருந்து வருவதற்குச் சில நிமிடங்களே போதும். அந்நேரத்தில் எதனையும் புதிதாகக் கற்க இயலாது. அமைதிக் காலத்தில், அவசரமின்றி, மாணவராக அமர்ந்து கற்றதே அப்போது கைகொடுக்கும்.

உயர் அதிகாரிகளை ஓராண்டுக் காலம் பணியிலிருந்து விலக்கிப் படிக்கவைப்பது வீண் செலவு எனக் கருதுவோர், டஹ்ரானில் கேட்கப்படாமற் போன ஒரு கேள்வியையும், அதனால் மாண்ட 28 பேரையும் எண்ணிப் பார்ப்பார்களாக.