பட்டை மறைக்கும் ஒளி

ஜெஞ்சாரோமில் மேகம் கவிந்த பிற்பகலில் செம்பனைக்கு நிழல் விழுவதில்லை. ஆனாலும் தோட்டம் இருண்டு விடுவதில்லை. மேகமும் தூசியும் சிதறடித்து வானமெங்கும் பரப்பும் இவ்வொளியைப் பரவல் ஒளி என்கிறோம்.

இதை அளக்க, கதிர்வீச்சுமானிக்கு மேலே வளைந்த பட்டை ஒன்றைப் பொருத்துவார்கள். சூரியன் நாள் முழுதும் பட்டைக்குப் பின்னாலேயே செல்லும். நேர்வெயில் கருவியில் படாது. சிக்கலும் அங்கேதான். பட்டை சூரியனோடு வானத்தின் ஒரு கீற்றையும் மறைத்து விடுகிறது. பத்தில் ஒரு பங்கு மறைந்தால், 100 காட்ட வேண்டிய கருவி 90 காட்டும். அதோடு பத்து விழுக்காடு கூட்டினால் 99தான் வரும், 0.9ஆல் வகுக்க வேண்டும். பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், பலர் கூட்டவே செய்வார்கள்!

பட்டையின் அகலம், ஆரம், ஊரின் அட்சரேகை, சூரியனின் நிலை ஆகியவற்றைக் கொண்டு டிரம்மண்ட் என்பவர் 1956இல் இத்திருத்தத்தைக் கணக்கிட்டுக் காட்டினார். நிலநடுக்கோட்டை அடுத்த நம் பகுதியில், மார்ச்சிலும் செப்டம்பரிலும் பட்டை நேர் உச்சியில் அமைவதால் திருத்தம் மிகுதி. தெளிந்த நாளில் சூரியனைச் சுற்றிய வானம் கூடுதலாகப் பளிச்சிடும். அதற்கும் சிறிது சேர்க்க வேண்டும்.

பீர்மேட்டில் 1918இல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற அன்னா மணி, 1957-58இல் இந்தியாவில் கதிர்வீச்சு அளக்கும் நிலையங்களை அமைத்தவர். தவறான அளவு, அளவே இல்லாததை விடக் கேடு என்பது அவர் கொள்கை. ஏன்? மொத்த ஒளியிலிருந்து பரவல் ஒளியைக் கழித்தே நேர்வெயிலைக் கணக்கிடுவதுண்டு. பரவல் குறைந்தால் நேர்வெயில் கூடித் தோன்றும். அதை நம்பிக் கண்ணாடியால் வெயிலைக் குவிக்கும் கருவியை வாங்கினால், நேர்வெயிலை மட்டுமே குவிக்கவல்ல அக்கருவி சொன்ன அளவுக்குச் சூடேறாது.