குறையை முதலில் சொல்பவர்



இன்று பட்டம் பெறும் மாணவ மாணவியரே, இந்த அரங்கில் வணிகவியல் படித்தவர்களும் இயற்பியல் படித்தவர்களும் அடுத்தடுத்த வரிசைகளில் அமர்ந்திருக்கிறீர்கள். இந்த இரண்டு படிப்பும் ஒன்றை ஒன்று நம்பி வாழும் ஓர் இடத்தைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். சுவிட்சர்லாந்து, பிரான்ஸ் எல்லையில், ஜெனீவாவுக்கு அருகே இருக்கும் செர்ன் ஆய்வகம்தான் அது. 2012 ஜூலை 4 அன்று ஹிக்ஸ் போசான் துகளின் கண்டுபிடிப்பு அங்கே அறிவிக்கப்பட்டபோது உலகமே விஞ்ஞானிகளைக் கொண்டாடியது. அதைக் கண்டுபிடித்த கருவிக்குப் பணம் எங்கிருந்து வந்தது, நடுவில் எப்படித் தட்டுப்பாடு வந்தது என்று கேட்டவர்கள் குறைவு.

போரில் நொடித்துப்போன ஐரோப்பாவில் தனியொரு நாட்டால் இத்தகைய ஆய்வகத்தைக் கட்ட முடியாது என்று 12 நாடுகள் சேர்ந்து 1954-ல் தொடங்கியது செர்ன். இன்று 25 உறுப்பு நாடுகள். ஆண்டுச் செலவு நூறு கோடி சுவிஸ் பிராங்கைத் தாண்டும். நம் ஊர்க் கோயில் திருவிழாவில் தலைக்கட்டு வரி என்றால் எல்லா வீட்டுக்கும் ஒரே தொகை. செர்னில் அப்படி இல்லை. ஒவ்வொரு நாட்டின் நிகர தேசிய வருமானத்துக்கு ஏற்பப் பங்கு கணக்கிடப்படுகிறது. ஜெர்மனி மட்டும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கட்டுகிறது. ஆனால் ஆட்சிமன்றத்தில் அதிகம் கட்டும் நாட்டுக்கும் ஒரு வாக்கு, குறைவாகக் கட்டும் நாட்டுக்கும் ஒரு வாக்கு.

கேட்க எளிதாக இருக்கிறது. நடத்துவதுதான் கடினம். கணக்கு சுவிஸ் பிராங்கில். பெரும்பாலான உறுப்பு நாடுகளின் வருமானமோ யூரோவில். 2015 ஜனவரியில் சுவிஸ் மத்திய வங்கி யூரோவுக்கு எதிரான பிராங்கின் மதிப்புக்கு வைத்திருந்த வரம்பை எடுத்தபோது, ஒரே நாளில் பிராங்க் எகிறியது. கட்டவேண்டிய தொகை மாறாமலே அந்த நாடுகளின் சுமை கூடியது. பணம் கட்டும் நாடு தன் தொழிற்சாலைகளுக்கு எவ்வளவு ஆர்டர் திரும்பி வந்தது என்றும் பார்க்கும். நாடுகள் விலகவும் முடியும்: 1969-ல் விலகிய ஸ்பெயின் 1983-ல்தான் திரும்பி வந்தது. எந்த நாடும் கட்டாயத்தால் அங்கே இருக்கவில்லை என்பதை நிதி அலுவலர் ஒரு நாளும் மறக்க முடியாது.

இனி, நான் சொல்ல வந்த கதை. ஹிக்ஸைக் கண்ட அந்தக் கருவியான, 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள பெரிய ஹாட்ரான் மோதுவிக்கு 1994 டிசம்பரில் ஒப்புதல் கிடைத்தது. இரண்டே ஆண்டில் நிலைமை மாறியது. கிழக்கையும் மேற்கையும் இணைத்த செலவில் திணறிய ஜெர்மனி தன் பங்கைக் குறைக்கக் கேட்டது. 1996 டிசம்பரில் எல்லா நாடுகளின் பங்கும் குறைக்கப்பட்டது. அதே கூட்டத்தில் கருவியை ஒரே கட்டமாகக் கட்டி முடிக்கவும் முடிவானது. வேண்டுமானால் கடன் வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். ஆனால் எதிர்பாராத செலவுக்கென்று ஒதுக்கிவைக்கும் தொகை திட்டத்தில் இல்லாமல் போனது. இதுவரை யாரும் கட்டாத ஒரு கருவி. எதிர்பாராதது எதுவும் நடக்காது என்ற கணக்கு!

விளைவு 2001-ல் தெரிந்தது. தலைமை இயக்குநர் லூச்சியானோ மயானி ஆட்சிமன்றத்தின் முன் நின்று, திட்டத்தை முடிக்க இன்னும் 80 கோடி பிராங்குக்கு மேல் வேண்டும் என்றார். கோபம் எழுந்தது. ரோபேர் அய்மார் தலைமையில் வெளியார் குழு ஒன்று வந்து கணக்கைப் புரட்டியது. ஊழியர் சம்பளம் ஒரு கணக்கிலும் பொருள் செலவு இன்னொரு கணக்கிலுமாக இருந்ததால், ஒரு திட்டத்தின் முழு விலை யார் கண்ணிலும் ஒரே இடத்தில் படவில்லை என்பது வெளிப்பட்டது. பிறகு இரண்டையும் சேர்த்தார்கள். செலவான பணத்தை மட்டும் பார்க்காமல், அந்தப் பணத்துக்கு எவ்வளவு வேலை முடிந்தது என்றும் அளக்கும் முறை வந்தது. பாதிப் பணம் தீர்ந்தது என்றால் பாதி வேலை முடிந்தது என்று பொருளில்லையே! மற்ற ஆய்வுகள் சுருக்கப்பட்டன. 2002 இறுதியில் ஐரோப்பிய முதலீட்டு வங்கி 30 கோடி யூரோ கடன் தந்தது. கருவி நின்றுபோகவில்லை. ஹிக்ஸ் கிடைத்தது அதற்குப் பிறகுதான்.

இதில் நமக்கும் பங்குண்டு. அந்தக் கருவியின் பிரம்மாண்டமான காந்தங்களைத் துல்லியமாக நிலைநிறுத்தும் 7,000-க்கும் மேற்பட்ட ஜாக்கிகள் இந்தியா கொடுத்தவை. பணத்துக்குப் பதில் பொருளாகத் தரும் இந்த வழியில் உள்ளூர்த் தொழில் வளரும். ஆனால் தாமதமும் கூடுதல் செலவும் செய்பவர் தலையில் விழும். 2017 முதல் இந்தியா செர்னின் இணை உறுப்பினர். நாம் இப்போது சந்தா கட்டும் நாடு, கணக்குக் கேட்கும் உரிமையுள்ள நாடு. அடுத்து 91 கிலோமீட்டர் மோதுவி வளையம் ஒன்றைப் பற்றி அங்கே பேச்சு நடக்கிறது. மதிப்பீடு சுமார் 1,500 கோடி பிராங்க். 1996-ல் விட்ட பிழை அதில் திரும்புமா என்பதை விஞ்ஞானிகளால் மட்டும் தீர்மானிக்க முடியாது.

மாணவர்களே, 2001-ல் வந்த நெருக்கடி அந்த ஆண்டில் பிறந்ததல்ல. 1996-ல், எல்லோரும் ஒரே கட்டமாகக் கட்டும் முடிவுக்கு அவசரப்பட்டபோது, எதிர்பாராச் செலவுக்கான ஒரு வரியைத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டதில் பிறந்தது. பொதுப் பணத்தில் பெரும்பாலான கேடுகள் திருட்டால் வருவதில்லை; நல்லவர்கள் நல்ல காரியத்துக்காகக் குறைத்து எழுதும் மதிப்பீட்டால் வருகின்றன.

ஆகவே வணிகவியல் பட்டதாரிகளுக்கு ஒரு வேண்டுகோள்: கேட்பவர் முகம் வாடும் என்று தொகையைக் குறைக்காதீர்கள். இயற்பியல் பட்டதாரிகளுக்கும் ஒன்று: எதிர்பாராச் செலவுக்கு ஒதுக்கு வைக்கச் சொல்லும் கணக்காளரை உங்கள் கனவுக்கு எதிரி என்று நினைக்காதீர்கள். குறை தெரிந்த அன்றே, பணம் கொடுத்தவர் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அந்தத் துணிவு உங்கள் அனைவருக்கும் வாய்க்கட்டும்.