காத்திருக்கும் நாட்களும் வைத்தியத்தின் நாட்களே

(புளியங்கூடலில் தீவகக் குடும்பங்களும் மலையகத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களும் கூடிய சுகாதாரக் கூட்டத்தில், எமது சங்கத்தின் மகளிர் குழு சார்பாக ஆற்றப்பட்ட உரை)



நாங்கள் மலையிலிருந்து கடற்கரைக்கு வந்திருக்கிறோம். ஆனால் வைத்தியசாலைக்குப் போகும் வழியைப் பேசத் தொடங்கினால் உங்கள் கதையும் எங்கள் கதையும் ஒன்றுதான். நெடுந்தீவில் ஒருவருக்குப் புற்றுநோய் என்றால் குறிகட்டுவானுக்குப் படகு, பிறகு பஸ், பண்ணைப் பாலம், யாழ்ப்பாணம், அதற்குப் பிறகு தெல்லிப்பழை. எங்களுக்கு லயத்திலிருந்து ரோட்டுக்கு நடை, டவுனுக்கு பஸ், அங்கிருந்து கண்டியோ பதுளையோ மஹரகமவோ. கடல் கொந்தளித்தால் உங்களுக்குப் படகு இல்லை. மண்சரிந்தால் எங்களுக்கு ரோடு இல்லை.

போய்ச் சேர்ந்த பிறகும் காத்திருக்க வேண்டும். "நோய் இருக்கிறது" என்று டொக்டர் சொல்லும் நாளுக்கும், வைத்தியம் தொடங்கும் நாளுக்கும் இடையில் வாரங்கள், சில நேரம் மாதங்கள் போகின்றன. இன்று அந்த நாட்களைப் பற்றித்தான் பேச வந்தோம்.

ஏன் இவ்வளவு தாமதம்? முதலில் சதைத் துண்டை எடுத்து ஆய்வுகூடத்தில் பார்க்க வேண்டும். பிறகு ஸ்கேன், இரத்தப் பரிசோதனை. நோய் எதுவரை பரவியிருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் வெட்டுவதா, மருந்து ஏற்றுவதா, கதிர் கொடுப்பதா என்று முடிவு செய்ய முடியும். இந்தத் தாமதம் வைத்தியத்தோடு சேர்ந்தது. இதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

இன்னொரு தாமதமும் இருக்கிறது. கதிர்ச் சிகிச்சை அநேகமாகத் திங்கள் முதல் வெள்ளி வரை, பல வாரங்களுக்குத் தொடர்ந்து நடக்கும். ஒரு மெசினில் ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் கொடுக்கலாம். மெசின் பழுதானால் வரிசை முழுவதும் நின்றுவிடும். 2022 பொருளாதார நெருக்கடியில் மருந்துகள் தட்டுப்பட்டன, வைத்தியர்கள் பலர் நாட்டை விட்டுப் போனார்கள். அதன் பாரமும் இந்த வரிசையில்தான் விழுந்தது. இவற்றுக்கு மேல், கடிதம் ஒரு மேசையில் கிடப்பதும், ரிப்போர்ட் வந்ததை யாரும் சொல்லாமல் விடுவதும் உண்டு. இந்தத் தாமதத்தை நாம் பொறுக்கக் கூடாது. துரத்திப் பிடிக்க வேண்டும்.

வரிசையைக் குறைக்க முடியும் என்பதற்கு உங்கள் மாவட்டமே சாட்சி. போர்க்காலத்தில், 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்ட பிறகு, இங்கிருந்து மஹரகமவுக்குப் போவது எவ்வளவு பெரிய பாடு என்பதை நாங்கள் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. போர் முடிந்து 2011 ஜூலையில் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை 670 கிலோமீற்றர், 27 நாள் நடந்து பணம் சேர்த்தார்கள். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எல்லோரும் வழிநெடுகச் சேர்ந்துகொண்டார்கள். அந்த நடையின் பெயரால்தான் தெல்லிப்பழை 'ட்ரெயில்' புற்றுநோய் வைத்தியசாலை 2013இல் திறக்கப்பட்டது. சாதாரண சனங்கள் சேர்ந்தால் வைத்தியசாலையை நோயாளிக்குப் பக்கத்தில் கொண்டுவரலாம் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா?

ஆனால் கட்டடம் பக்கத்தில் வந்தாலும் காத்திருக்கும் நாட்களில் ஆட்கள் தவறிப் போகிறார்கள். எங்கள் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிக்கும் ஒரு அக்கா. மார்பில் கட்டி, நோய் உறுதியாகிவிட்டது. அடுத்த திகதி ஆறு வாரத்துக்குப் பிறகு. அந்த ஆறு வாரத்தில் ஒருத்தர் வந்து "கத்தி பட்டால் பரவும்" என்றார். இன்னொருத்தர் ஒரு கசாயம் சொன்னார். கிளினிக் போன நாளெல்லாம் பேர் விழவில்லை, கடன் ஏறியது. திகதி வந்தபோது அக்கா மலைக்குப் போய்விட்டார். கிளினிக்குக்குத் திரும்பிப் போனபோது கட்டி புண்ணாகியிருந்தது. அந்த ஆறு வாரத்தில் அவரிடம் போய் ஒரு வார்த்தை பேச ஆள் இருந்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும். கத்தி பட்டால் புற்றுநோய் பரவும் என்பது உண்மையல்ல. சதைத் துண்டு எடுத்துப் பார்க்காமல் சரியான வைத்தியம் தொடங்கவே முடியாது.

ஆகவே காத்திருக்கும் நாட்களில் என்ன செய்வது?

முதலாவது, கடதாசிகள். கிளினிக் கொப்பி, ரிப்போர்ட், ஸ்கேன் படம் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, மழைக்கு நனையாமல் வையுங்கள். போட்டோ பிரதி ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். போனிலும் படம் எடுத்து வையுங்கள்.

இரண்டாவது, கேள்விகள். டொக்டரிடம் பயப்படாமல் மூன்று கேள்வி கேளுங்கள். இந்த நோய்க்கு எத்தனை நாள் பொறுக்கலாம்? வேறு எந்த வைத்தியசாலையில் வரிசை குறைவு? ரிப்போர்ட் வந்ததா என்று யாரிடம், எந்த நம்பரில் கேட்பது? யாராவது வராமல் விட்டால் அந்த இடத்தைத் தரச் சொல்லி உங்கள் நம்பரையும் கொடுத்து வையுங்கள். பதிலை எழுதிக்கொள்ள ஒருவர் கூடப் போக வேண்டும்.

மூன்றாவது, உடம்பு. வைத்தியத்தைத் தாங்க உடம்புக்குப் பலம் வேண்டும். முட்டை, மீன், பருப்பு, கீரை என்று முடிந்ததைச் சாப்பிடுங்கள். பத்தியம் என்று சொல்லிப் பட்டினி கிடக்காதீர்கள். சீனி வியாதி, பிரஷர் இருந்தால் அந்த மருந்தை நிறுத்த வேண்டாம். வாய், தொண்டைப் பக்கம் கதிர் கொடுப்பதாக இருந்தால் பல் டொக்டரை முன்கூட்டியே பாருங்கள். கெட்ட பல்லைப் பிறகு பிடுங்குவது ஆபத்து. நாட்டு மருந்து எடுத்தால் அதை டொக்டரிடம் மறைக்காதீர்கள்.

வெற்றிலை, புகையிலை, சுருட்டு, சாராயம் எல்லாவற்றையும் அன்றோடு விடுங்கள். இதில் நம் இரு பகுதிக்கும் பங்கு இருக்கிறது. யாழ்ப்பாணத்து மண்ணில் விளைந்த புகையிலைதான் எங்கள் லயத்து வெற்றிலைப் பெட்டிக்குள் வந்தது. குளிருக்கும் பசிக்கும் அட்டைக் கடிக்கும் அதுதான் துணை என்று இருந்தோம். இந்த நாட்டில் ஆண்களுக்கு அதிகம் வருவது வாய்ப் புற்றுநோய். புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே புற்றுநோயைக் கொண்டுவரும் என்று உலக சுகாதார அமைப்பின் ஆய்வு நிறுவனம் 2003இல் அறிவித்தது.

நான்காவது, காத்திருக்கக் கூடாத நேரங்கள். மூச்சு முட்டினால், இரத்தம் நிற்காமல் போனால், கால் திடீரென்று சோர்ந்தால், சிறுநீர் கட்டினால், விழுங்க முடியாமல் போனால் கிளினிக் திகதியைப் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். மருந்து ஏற்றத் தொடங்கிய பிறகு காய்ச்சல் 100.4 பாகையைத் தொட்டாலும் அப்படித்தான். 1990க்கு அழையுங்கள். இரவானாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வலியையும் பல்லைக் கடித்துப் பொறுக்க வேண்டாம். அதற்கு அரசாங்க வைத்தியசாலையில் மருந்து உண்டு, கேட்டு வாங்குங்கள்.

ஐந்தாவது, மனது. நித்திரை இல்லாமல், யாரிடமும் பேசாமல், வாழ்க்கையே வெறுத்துப்போய் இருந்தால் 1926க்கு அழைக்கலாம். தமிழிலும் பேசலாம். வீட்டுக்காரர்களும் நோயாளியிடம் மறைத்து மறைத்துப் பேசாதீர்கள். அவருடைய உடம்பு, அவருக்குத் தெரிய வேண்டும்.

ஆறாவது, பணம். வைத்தியம் இலவசம்தான். பஸ் காசும் சாப்பாடும் போன சம்பளமும் இலவசமில்லை. ஜனாதிபதி நிதியத்துக்கு 2025 முதல் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம், கொழும்புக்கு அலைய வேண்டாம். ஊழியர் சேமலாப நிதியில் 10 ஆண்டு சேவையும் கணக்கில் 3 இலட்சம் ரூபாவும் இருந்தால், வைத்தியத்துக்காக 30 வீதம் வரை முன்கூட்டியே எடுக்கலாம். படிவம் நிரப்பச் சங்கக் காரியாலயத்துக்கு வாருங்கள்.

இவ்வளவும் நோயாளி தனியாகச் செய்யக்கூடியது இல்லை, தோழர்களே. அதனால் சங்கத்தின் முன் மூன்று வேலைகளை வைக்கிறோம்.

ஒன்று, ஒவ்வொரு டிவிசனிலும் கூடப் போக ஒருவர். திகதியைக் குறித்து வைத்து, முதல் நாள் லயத்துக்குப் போய் நினைவுபடுத்தி, பஸ் ஏற்றி விடுபவர். தீவகத்தில் ஒவ்வொரு கிராமத்திலும் மாதர் சங்கம் இதைச் செய்யலாம்.

இரண்டு, கிளினிக் அட்டை காட்டினால் அன்றைய பேர் விழ வேண்டும். நாட்கூலிக்காரருக்கு ஒரு நாள் வைத்தியசாலை என்றால் ஒரு நாள் சோறு. அடுத்த சம்பளப் பேச்சில் இந்தக் கோரிக்கையை நாங்கள் வைப்போம்.

மூன்று, கேள்வி கேட்கும் உரிமை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நமக்கும் சேர்த்துத்தான். எந்த வைத்தியசாலையில் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள், மெசின் எத்தனை நாள் ஓடவில்லை என்று எழுத்தில் கேட்போம். தமிழும் இந்த நாட்டின் ஆட்சிமொழி. பதிலும் கிளினிக் அறிவித்தலும் தமிழில் வர வேண்டும் என்று கேட்போம். கையில் கணக்கு இருந்தால்தான் மெசினும் ஆட்களும் கேட்டுப் போராடலாம்.

இன்று ஊருக்குத் திரும்பியதும் உங்கள் லயத்தில், உங்கள் ஒழுங்கையில், வைத்தியத்துக்குக் காத்திருப்பவர் யார் என்று விசாரியுங்கள். அவருடைய அடுத்த திகதியைக் கேட்டு உங்கள் வீட்டுக் கலண்டரில் குறித்து வையுங்கள்.