இசை விருத்தியும் மிருதங்கமும்

(சங்கத்தின் கலைமகள் விழாவில் ஆற்றிய உரை)



கலைமகளுக்கு விழா எடுக்கும் இந்நாளிற் கல்வியைப் பற்றியேனும் இசையைப் பற்றியேனும் பேசுமாறு செயலாளர் என்னைப் பணித்தார். இரண்டையும் ஒருங்கே பேச இடந்தரும் பொருளொன்றைத் தெரிந்துகொண்டேன். கணித வகுப்பிலே கூட்டல் விருத்தி, பெருக்கல் விருத்தி, இசை விருத்தி என மூன்று கற்கின்றோம். முதலிரண்டின் பெயர்க்காரணம் எளிதில் விளங்கும். எண்களின் வரிசையொன்றுக்கு இசையின் பெயர் வந்தது எவ்வாறு? அவ்வினாவிலிருந்தே தொடங்குகின்றேன்.

அவ்வரிசை 1, 1/2, 1/3, 1/4, 1/5 என முடிவின்றிச் செல்வது. அதன் பிறப்பிடம் தந்தி. இழுத்துக் கட்டிய தந்தியொன்றின் நடுவே விரலால் மெல்லத் தொட்டு மீட்டினால் அது இரு பாதிகளாய் அதிரும். மூன்றிலொரு பங்கிலே தொட்டால் மூன்று கூறுகளாய் அதிரும். கூறுகளுக்கிடையே அசையாது நிற்கும் இடத்தைக் கணு என்பர். ஒரு செக்கனில் நிகழும் அதிர்வுகளின் தொகை மீடிறன் எனப்படும். கூறு சிறுக்கச் சிறுக்க மீடிறன் பெருகும். முழுத் தந்தி செக்கனுக்கு 100 முறை அதிருமாயின், பாதி 200 முறையும், மூன்றிலொன்று 300 முறையும், நான்கிலொன்று 400 முறையும் அதிரும். நீளங்கள் இசை விருத்தியிலே குறைய, மீடிறன்கள் 1, 2, 3, 4 என்னும் ஒழுங்கிலே ஏறுகின்றன.

விரலால் தொடாது மீட்டினும், தந்தி இவ்வகைகள் பலவற்றிலும் ஒரே வேளையில் அதிர்கின்றது. முழுத் தந்தியின் ஒலியை ஆதார ஸட்ஜமாகக் கொண்டால், இரண்டாவது மேல் ஸட்ஜம். மூன்றாவது அதற்கு மேலுள்ள பஞ்சமம். நான்காவது மீண்டும் ஸட்ஜம். ஐந்தாவது அந்தர காந்தாரம். தம்புராவிலே காந்தாரத்துக்கென்று தந்தி இல்லை. எனினும் சுருதி நன்கு சேர்ந்த தம்புராவை அமைதியான இடத்திலிருந்து கேட்பவர் செவியிற் காந்தாரம் விழும். அது மனமயக்கமன்று, தந்தியின் ஐந்தாம் படி.

இனிக் கணிதர் அவ்வரிசையைக் கொண்டு செய்தது யாதெனப் பார்ப்போம். அவர்கள் அப்பின்னங்களைக் கூட்டிப் பார்த்தனர். பின்னங்கள் வரவரச் சிறுத்துப் பூச்சியத்தை நெருங்குகின்றன; ஆதலாற் கூட்டுத்தொகையும் ஓரிடத்தில் நின்றுவிடும் என்றே நமக்குத் தோன்றும். 14ஆம் நூற்றாண்டிலே பிரான்சில் வாழ்ந்த நிக்கோல் ஒரேம் என்னும் சமயகுரவர் அது நில்லாது என்று காட்டினார். 1/3, 1/4 இரண்டும் சேர்ந்தால் 1/2 இலும் பெரிது. அடுத்த நான்கு பின்னங்கள் சேர்ந்தாலும் 1/2 இலும் பெரிது. அடுத்த எட்டும் அவ்வாறே. இங்ஙனம் அரை அரையாகச் சேர்த்துக்கொண்டே போகலாமன்றோ? ஆகவே அத்தொகைக்கு எல்லையில்லை. ஆயினும் அதன் நடை மிக மெதுவானது. தொகை 10ஐத் தாண்டுவதற்கு 12,367 உறுப்புகள் வேண்டும். பத்து இலட்சம் உறுப்புகளைக் கூட்டினும் 14ஐச் சற்றே தாண்டும். சிறியதென்று எதனையும் தள்ளாமல் இடைவிடாது சேர்ப்பவனுக்கு எட்டாத உயரம் இல்லையென்பதை இங்கே எண்களே சொல்கின்றன.

இவ்வளவும் கேட்ட அன்பர் ஒருவர், "நாதமே பிரமம் என்று நம் முன்னோர் சொன்னது இதுதான், உலகம் இயல்பாகவே சுருதி சேர்ந்து கிடக்கின்றது" என்று மகிழக்கூடும். அங்கேதான் நாம் சற்று நின்று நோக்கவேண்டும். தந்திக்குப் பொருந்துவது தோலுக்குப் பொருந்துவதில்லை. வட்டச் சட்டத்தில் இறுக்கிய வெறுந்தோலின் அடிப்படை ஒலி 100 ஆயின், அடுத்து எழுபவை ஏறக்குறைய 159, 214, 230, 265 என்று வரும். 200, 300 என்னும் ஒழுங்கு அங்கே இல்லை. ஏணியின் படிகள் தாறுமாறாகக் கிடக்கின்றன. முழவு வகைகளின் ஒலி இன்னிசைக்கு ஒவ்வாதது என மேனாட்டுப் பௌதிகர் கருதியதற்குக் காரணம் இதுவே.

நம் கண்டி மாநகரிலே எசல பெரஹெரா இரவுகளில் முழங்கும் கெட்டபெரயைக் கேளாதவர் நம்மில் இலர். தத், ஜித், தொங், நங் என்னும் சொற்களாலே அது பேசும். அதன் தோலில் மிருதங்கத்திற்குரிய கருவட்டம் இல்லை. ஆடுவோன் காலோடு பேசும் அக்கருவிக்குப் பாடகனின் சுருதியோடு இழைய வேண்டிய தேவையும் இல்லை. மிருதங்கத்தின் நிலை வேறு. பாடகன் அருகிலே, தம்புராவின் எதிரிலே, ஸட்ஜத்தோடு இழைந்து நிற்கவேண்டிய கடன் அதற்கு உண்டு. தோலோ இயல்பில் இசையாதது. ஆகவே ஒருவன் அதனை இசையச் செய்தான்.

எவ்வாறு செய்தான்? வலந்தலையின் நடுவே கல்லை இடித்த பொடியையும் சோற்றையும் பிசைந்து, சிறிது சிறிதாக அப்பி, ஒவ்வொரு படையையும் கல்லாலே தேய்த்துத் தேய்த்து ஏற்றினான். கரணை என்றும் சோறு என்றும் நாம் அழைக்கும் கருவட்டம் அதுவே. நடுவிற் கூடிய அந்தப் பாரம் தாறுமாறான படிகளை இழுத்து ஒழுங்கிலே நிறுத்துகின்றது.

இதனை அளந்து உலகுக்கு அறிவித்தவர் திருச்சிராப்பள்ளியிலே பிறந்த சர் சி. வி. இராமன். 1920இலே சிவகாளி குமார் என்பவரோடு சேர்ந்து 'நேச்சர்' இதழிலே எழுதினார். 1934இல் விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார். தோலின்மேல் நுண்மணலைத் தூவி, அது ஒதுங்கி நிற்கும் கோடுகளைக் கண்டு, எவ்விடம் அசைகின்றது, எவ்விடம் அசையவில்லை எனத் தீர்மானித்தார். கரணையிட்ட தோலின் ஒன்பது அதிர்வு வகைகள் 1, 2, 3, 4, 5 என்னும் ஐந்து படிகளுள் அடங்குகின்றன என்பது அவர் கண்ட முடிபு. ஒளியைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1930இல் நோபெல் பரிசு பெற்ற அறிஞர், மிருதங்கத்தின்முன் மாணவராக அமர்ந்தார் என்பது நமக்குப் பெருமை. நம் நாட்டிலும் காரைதீவிலே தோன்றிய சுவாமி விபுலாநந்தர் விஞ்ஞானப் பட்டதாரியாய் விளங்கிப் பழந்தமிழ் யாழைக் கணித முறையால் ஆராய்ந்தார். அவருடைய யாழ் நூல் 1947 ஜூனில் அரங்கேறியது. அடுத்த மாதம் அவர் மறைந்தார். இருவரும் பழமையைப் போற்றினர். எனினும் அளந்து பார்த்த பின்னரே பேசினர். "எல்லாம் எம்மிடம் முன்னமே உண்டு" என்று வாளாவிருப்பதும், "மேனாட்டார் சொல்லாதது இசையன்று" என்று மயங்குவதும் அவர்கள் வழியன்று.

பெரியோர்களே, இன்னும் ஒன்று சொல்லவேண்டும். மனம் நோகாது கேட்க வேண்டுகின்றேன். இராமன் அளந்தார், அவருக்கு முன்னரே கையால் அமைத்தவர் யார்? மிருதங்கம் பசு, எருமை, ஆடு ஆகிய மூன்றன் தோலாலும் ஆகியது. தோலைத் தெரிந்து, பதமாக்கி, வார்பிடித்து, கரணை ஏற்றும் தொழிலைச் செய்தவர்கள் பெரும்பாலும் தீண்டாதார் என்று நம் சமூகம் ஒதுக்கிய மக்கள். அவர்களிற் பலர் கிறிஸ்தவர். பாடகர் டி. எம். கிருஷ்ணா 2020இல் வெளியிட்ட நூலொன்றிலே அவர்கள் வரலாற்றை விரிவாகத் தந்துள்ளார். பாலக்காடு மணி ஐயரின் புகழ் நாமெல்லாம் அறிந்தது. அவருடைய செவியின் குறிப்பறிந்து தோலைத் திருத்திக் கொடுத்த தஞ்சைக் கைவினைஞர் பர்லாந்தின் பெயரை நம்மில் எத்தனைபேர் அறிவோம்? கோயிலிலே ஒலிக்கும் நாதத்தை ஏற்றுக்கொண்டு, அந்நாதத்தை ஆக்கிய கையை வாசலிலே நிறுத்திய சமூகம் சுருதி சேர்ந்த சமூகமாகுமா?

இசைவு தானே வந்து வாய்ப்பதன்று என்பதே மிருதங்கம் நமக்குக் கற்பிக்கும் பாடம். வெறுந்தோல் இசையாது, மெல்லிய படை ஒன்றன்மேல் ஒன்றாக ஏறவேண்டும். ஒரு படையால் யாதும் நிகழ்ந்ததாகத் தோன்றாது. ஒன்றையும் தள்ளாது சேர்த்தால் ஒழுங்கு பிறக்கும். சமூகமும் அத்தகையதே.

ஆகவே இச்சங்கத்திற்கு ஒரு சிறு விண்ணப்பம் செய்கின்றேன். வரும் நவராத்திரியிலே வித்துவானுக்குப் பொன்னாடை போர்த்தும் மேடையில், வாத்தியம் செய்து திருத்தும் ஒருவரையும் அழைத்து, அவர் எச்சாதியினர், எச்சமயத்தவர் என்று வினாவாது, கரணை இடும் முறையை நம் இளைஞருக்கு விளக்கச் செய்வோம். பக்கத்திலே பௌதிக கூடத்துச் சுரமானியையும் வைப்போம். கையும் கணக்கும் ஒரே மேடையிலே சந்திக்கட்டும். அதுவும் கலைமகளுக்கு உகந்த வழிபாடே.