ஹான்ஸ் நீல்சன் ஹௌகே: ஓர் உழவரின் இல்லறமும் இறுதியும்

(மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யான் பேச எடுத்துக்கொண்டது அரசருடைய சரித்திரமன்று. பட்டம் பெற்ற பண்டிதருடையதுமன்று. ஐரோப்பாவின் வடகோடியிலுள்ள நார்வே தேசத்தில் ஏர் பிடித்துப் பிழைத்த ஒரு குடியானவரின் சரித்திரமாகும். அத்தேசம் நமக்கு முற்றும் அந்நியமென்று எண்ணவேண்டா. 1620 முதல் 1845 வரை நம் தரங்கம்பாடி டேனியருக்குரியதாயிருந்ததை அறிவீர்கள். 1706-இல் அங்கு வந்திறங்கிய சீகன்பால்கு ஐயரை அனுப்பியவர் டென்மார்க்கு மன்னர். அம்மன்னர் மரபினரே 1814 வரை நார்வேயையும் ஆண்டனர். லூத்தரன் திருச்சபையே அக்காலத்தில் அவ்விரு தேசங்களிலும் அரசாங்கத் திருச்சபையாயிருந்தது.

மார்ட்டின் லூத்தர் 1529-இல் எழுதிய சிறு ஞானோபதேச நூல், குடும்பத் தலைவன் தன் வீட்டாருக்கு உபதேசிக்கவேண்டிய முறையில் அமைந்தது. தகப்பன் தன் மனைவி மக்களுக்கும் பணியாட்களுக்கும் வேதத்தை எடுத்துரைத்தல் கடமையென்பது அவர் கொள்கை. நிற்க. 1741-ஆம் ஆண்டு ஜனவரி 13-ஆம் தேதி, டென்மார்க்கு மன்னர் ஆறாம் கிறிஸ்தியான் ஒரு சட்டம் பிறப்பித்தார். வீட்டான் தன் வீட்டாரோடு ஜெபம் செய்யலாம். ஆனால் குருவானவருக்குத் தெரியாமல் அயலாரைக் கூட்டிப் பேசலாகாது. குருப்பட்டம் இல்லாதவன் ஊர் ஊராய்ச் சென்று போதிக்கவும் கூடாது. ஒரு மனிதனுடைய வீடு எவ்விடத்தில் முடிகிறது என்பதை அரசாங்கமே கோடு கிழித்துக் காட்டியதாக இதனைக் கொள்ளலாம். நம் கிராமங்களில் மாலையில் திண்ணைக்கு வந்தமர்பவனை வீட்டான் என்பதா, அயலான் என்பதா?

ஹான்ஸ் நீல்சன் ஹௌகே 1771 ஏப்ரல் 3-இல், தென்கிழக்கு நார்வேயில் ரோல்வ்ஸோய் என்னுமிடத்திலுள்ள ஹௌகே பண்ணையில் பிறந்தார். பண்ணையின் பெயரே அவருக்குப் பெயராயிற்று. உழவோடு தச்சு வேலையும் கொல்லு வேலையும் தேனீ வளர்ப்பும் அவருக்குக் கைவந்தவை. 1796 ஏப்ரல் 5-இல் தந்தையின் வயலில் வேலை செய்துகொண்டிருக்கையில், தம்மை முற்றிலும் மாற்றிய ஓர் அனுபவத்தை அடைந்ததாக அவர் பின்னர் எழுதியிருக்கிறார். அப்போது வயது இருபத்தைந்து. அதன் பின் நிலத்தில் தங்கவில்லை. பனியிலும் மலையிலும் கால்நடையாகவே தேச முழுவதும் திரிந்தார். நடக்கும்போதும் கை சும்மா இராது. காலுறையும் கையுறையும் பின்னிக்கொண்டே செல்வார். போதகர் என்றால் பிறர் உழைப்பில் உண்பவர் என்னும் பேச்சுக்கு அவர் இடங்கொடுக்கவில்லை.

அவர் பேசியதெல்லாம் பண்ணை வீட்டுக் கூடங்களிலேதான். குடியானவரும் வேலைக்காரரும் வந்து கேட்டனர். ஸ்திரீகளும் எழுந்து போதித்தனர். ஆன்மவிசாரத்தோடு தொழில் விசாரமும் கலந்திருந்தது. 1801-இல் பெர்கன் பட்டணத்தில் வியாபாரி என்னும் உரிமை பெற்றார். அவர் நண்பர்கள் ஆலைகளை அமைத்தனர். ஐக்கரில் ஏற்பட்ட காகித ஆலையும் அவற்றுள் ஒன்று. ஏழை ஒருவனுக்கு நிலமோ தொழிலோ பிடித்துக் கொடுத்தல் அவர்களுக்குள் சாதாரணம். இதுவே அதிகாரிகளுக்குப் பெரிய சந்தேகத்தை விளைத்தது. குடியானவன் பேசுகிறான், அச்சிட்டுப் புத்தகம் வெளியிடுகிறான், பணமும் அவன் கையில் புரள்கிறது! பலமுறை பிடித்தார்கள், விட்டார்கள். 1804 அக்டோபரில் ஐக்கரில் பிடித்தபோது விடவில்லை. தலைநகரான கிறிஸ்தியானியாவில், அதாவது இக்காலத்து ஓஸ்லோவில், சிறையிட்டார்கள். புத்தகங்கள் பறிமுதலாயின. சாட்சிகளை ஊர் ஊராக விசாரித்தார்கள், வருஷங்கள் கழிந்தன, தீர்ப்போ வரவில்லை.

இங்கே ஒரு செய்தியைச் சற்று விரித்துக் கூற விரும்புகிறேன். 1807-இல் யுத்தம் மூண்டு, பிரிட்டிஷ் கப்பற்படை கடல் மார்க்கத்தை அடைத்துவிட்டது. நார்வேயில் உப்புப் பஞ்சம் உண்டாயிற்று. மீனையும் இறைச்சியையும் உப்பிட்டு வைத்தே குளிர்காலத்தைக் கழிக்கும் ஜனங்களுக்கு இது எத்தகைய துன்பம்! நம் தூத்துக்குடியிலும் வேதாரணியத்திலும் கடல்நீரைப் பாத்தியில் கட்டினால் வெயிலே உப்பாக்கித் தருகிறது. அங்கே வெயிலுக்கு அவ்வளவு வலிமை இல்லை. கடல்நீரைக் கொப்பரையில் ஊற்றி விறகெரித்துக் காய்ச்சவேண்டும். அதை ஏற்படுத்த வல்லவர் யாரென்று தேடிய அரசாங்கத்தார், தாம் பூட்டி வைத்திருந்த கைதியையே கண்டார்கள். 1809-இல் சில மாதங்களுக்கு ஹௌகேயை வெளியே விட்டார்கள். அவர் தென்கடற்கரையில் உப்புக் காய்ச்சும் சாலைகளை அமைத்தார். வேலை முடிந்தது, மீண்டும் சிறை! அவர் கையை நம்பினார்கள், வாயைத்தான் நம்பவில்லை. கடற்கரையில் இருந்தபோது தப்பியோட அவர் முயலவில்லை என்பதையும் நாம் கவனிக்கவேண்டும்.

1811-இல் சிறையிலிருந்து வெளிவந்தபோது பற்கள் உதிர்ந்து, உடல் குலைந்திருந்தார். நாற்பது வயதில் முதியவர். 1813-இல் வந்த தீர்ப்பு இரண்டாண்டுக் கடினவேலை என்றது. நார்வே டென்மார்க்கினின்றும் பிரிந்த 1814-ஆம் வருஷத்தின் இறுதியில், மேல் நீதிமன்றம் அதனை 1000 ரிக்ஸ்தாலர் அபராதமாகக் குறைத்தது.

பிறருடைய கூடங்களிலேயே வாலிபத்தைக் கழித்தவருக்கு அதன் பின்னரே சொந்தக் குடும்பம் வாய்த்தது. 1815 ஜனவரியில் ஆந்திரேயா என்னும் மாதரசியை மணந்தார். அவ்வருஷம் டிசம்பரில் மகன் ஆந்திரேயாஸ் பிறந்தான்; தாய் இறந்தாள். ஓராண்டுக்குள் கலியாணமும் மரணமும் ஒரே வாசலில் நுழைந்தன. 1817-இல் இங்கெபோர்க் என்னும் அம்மையாரை மறுமணம் செய்துகொண்டு, கிறிஸ்தியானியாவுக்கு அருகிலுள்ள ப்ரெட்வெட் பண்ணையில் குடியேறினார். அவருக்குப் பிறந்த நான்கு குழந்தைகளில் மூவரைச் சிசுப் பருவத்திலேயே இழந்தார். மூத்தவன் ஒருவனே பிழைத்தான். சிறையைப் பற்றி எழுதுவோர் பலர். இந்த மூன்று சிறு பெட்டிகளைப் பற்றிப் பலரும் ஒரு வரியோடு கடந்துவிடுகின்றனர். இவ்வில்லறத்தார் பட்டதைப் பெற்றோராயுள்ளோர் அறிவர்.

ஆயினும் ப்ரெட்வெட் வீடு அடைத்துக் கிடக்கவில்லை. தூரதேசத்துக் குடியானவரும் வந்தனர், அத்தியட்சரும் வந்தனர். ஒருகாலத்தில் தம்மைத் துன்புறுத்திய திருச்சபையை விட்டுப் பிரியாதிருக்குமாறு நண்பர்களுக்கு 1821-இல் மரணசாசனம் எழுதி வைத்தார். இது மனக்கசப்புள்ளவர் எழுதக்கூடியதன்று.

1824 மார்ச்சு 29-இல் அப்பண்ணையிலேயே உயிர் நீத்தார். ஐம்பத்து மூன்று வயது நிரம்ப ஐந்து நாட்களே இருந்தன. பழைய ஆக்கர் ஆலயத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். தந்தையை இழந்தபோது ஆந்திரேயாஸுக்கு வயது எட்டு. குருப்பட்டமின்றிப் போதித்தாரென்று தண்டிக்கப்பட்டவருடைய அந்த மகன், பின்னர் முறைப்படி பட்டம் பெற்ற குருவானான். பார்லிமெண்டு அங்கத்தினனும் ஆனான். 1741-ஆம் வருஷத்துச் சட்டம் 1842-இல் நீக்கப்பட்டது. அதன் பிறகு நார்வேயில் எந்தக் குடியானவனும் தன் கூடத்திற்கு அயலாரை அழைத்து, கதவைத் திறந்து வைத்தே பேசலாயிற்று.